ஓட்டைக்கு அடியில் ஒரு வெள்ளைத்தாள்

மருந்துக்கடை அக்காவால் படிக்க முடியாத கையெழுத்து கிடையாது என்பது எங்கள் தெருவில் பால்குடி மறக்காத பிள்ளைக்கும் தெரியும். டாக்டர் சீட்டில் வெறும் கிறுக்கல் இருந்தாலும், முதல் எழுத்தைப் பார்ப்பாள், வால் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பார்ப்பாள், கடைசியாகச் சீட்டு கொண்டுவந்தவரின் முகத்தைப் பார்ப்பாள். கை தானாக அலமாரிக்குப் போகும். இருபது வருஷத்தில் யாரும் போய்ச் சேர்ந்ததாகத் தகவல் இல்லை.

அந்தத் தெம்பில்தான் பழைய போர்த்துகீசியக் கையெழுத்து படிக்க ஆவணக் காப்பகத்தில் சொல்லித்தரும் சனிக்கிழமை வகுப்பில் சேர்ந்தாள். எல்லாம் தம்பிக்காக. அவன் வீட்டுக்கும் தையல்காரர் வீட்டுக்கும் நடுவில் ஒரு சந்து. தையல்காரர் தெருவுக்கு வர அது ஒன்றுதான் வழி. அது யாருடையது என்று இரண்டு தலைமுறையாக இழுபறி. பத்திரமோ போர்த்துகீசியர் காலத்தது, அதே காப்பகத்தில் கிடந்தது. படிக்கத்தான் ஆளில்லை.

அகராதி வாங்கினாள். கடையில் கூட்டமில்லாத நேரத்தில் வாய்க்குள் முணுமுணுத்தாள். வகுப்பெடுத்தது அவளுக்கு மகள் வயசில், கண்ணாடி போட்ட ஒரு பெண். அந்தப் பெண் முதல் நாளே இரண்டு விஷயம் சொன்னாள்: படிக்கிற பக்கத்துக்கு அடியில் வெள்ளைத்தாள் செருக வேண்டும், தெரியாத இடத்தில் புள்ளி வைக்க வேண்டும், ஊகிக்கக் கூடாது. ஊகிக்கக் கூடாதாம்! அக்கா மனசுக்குள் சிரித்துக்கொண்டாள்.

ஐந்தாவது வாரம் பத்திரம் அகப்பட்டது. தாளாவது ஒன்றாவது, நேராகக் கைபேசியில் படமெடுத்து வீட்டில் உட்கார்ந்து படித்தாள். சந்து இன்னாருக்கும் அவர் வாரிசுகளுக்கும் உரியது என்று இருந்தது. இன்னார் என்ற இடத்தில் சாட்சாத் இவர்கள் வம்சத்து மூத்த பாட்டனார் பெயர். படித்ததைத் தமிழில் எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தம்பியிடம் கொடுத்தாள். மறு வாரம் தம்பி சந்துக்கு இரும்புக் கதவு போட்டுப் பூட்டினான். தையல்காரர் வீட்டார் பின்பக்கச் சலவைக்கடை வழியாக, இஸ்திரி மேஜைகளுக்கு நடுவே ஒருக்களித்து வெளியே வந்தார்கள். முழங்கால் மடங்காத அவர் அம்மாவை மட்டும் நாற்காலியோடு தூக்கினார்கள்.

நாலு மாசம் கழித்து, பெருமையடித்துக்கொள்ளத்தான், அக்கா அசல் பக்கத்தை வகுப்பில் விரித்தாள். கண்ணாடிப் பெண் வழக்கம்போல வெள்ளைத்தாளை அடியில் செருகினாள். பாட்டனார் பெயர் காணாமல் போனது. அங்கே இருந்தது ஓட்டை. அந்தக் கால மை காகிதத்தையே தின்றுவிடுமாம். பெயர் இருந்தது அடுத்த பக்கத்தில், ஓட்டை வழியாகத் தெரிந்திருக்கிறது. யாரோ ஒருவர் படகு விற்றதற்குப் பாட்டனார் வெறும் சாட்சி.

அன்றைக்கே தம்பியிடம் போய்ச் சொன்னாள். அவன் சாப்பிடுவதை நிறுத்தவில்லை.

"படிச்சது நீ, கையெழுத்துப் போட்டதும் நீ. இப்ப வந்து ஓட்டைங்கிறியேக்கா."

"நம்ம பேரு அந்த ஓட்டைக்குள்ள தெரிஞ்சுதுடா."

"தெரிஞ்சுதுல்ல? அப்புறம் என்ன."

பூட்டைவிட வேறொன்று அவளை அரித்தது. சந்து விஷயத்திலும் அவள் வழக்கம்போல முகத்தைப் பார்த்துத்தானே மருந்து எடுத்தாள்? தம்பி முகத்தை. அப்படியென்றால் இந்த இருபது வருஷமாக அலமாரிக்குப் போன கை? மூன்று நாள் கடையில் ஒவ்வொரு சீட்டுக்கும் டாக்டருக்குப் போன் போட்டாள். அக்காவுக்குக் கண்ணில் புரை என்று தெருவில் பேச்சு.

நாலாம் நாள் பத்திரத்தில் உள்ளதைப் புதிதாகத் தமிழில் எழுதினாள். ஓட்டை இருந்த இடத்தில் ஐந்து புள்ளி. இரண்டு பிரதி. ஒன்றைத் தம்பி வீட்டுக் கதவிடுக்கில் செருகினாள். மற்றதோடு தையல்காரரைப் பார்க்க அவளும் சலவைக்கடை வழியாகத்தான் போக வேண்டியிருந்தது. சேலையில் நீராவி அடித்தது.

அவர் இரண்டு தடவை படித்தார். "இந்தப் புள்ளியெல்லாம் என்னம்மா?"

"அங்க பேரு இருந்திருக்கு. யாரு பேருன்னு எனக்குத் தெரியாது."

"அப்ப சந்து எங்களுதா?"

"அதுவும் தெரியாது. எங்களுதுன்னு நான் எழுதினது மட்டும் பொய்."

அவர் காகிதத்தைத் துணி மடிக்கிற மாதிரி மடித்தார். கோபப்படுவார் என்று நின்றாள். அவர் உள்ளே போய் அம்மாவின் மாத்திரை டப்பாவை எடுத்துவந்து, அவள் முன்னால் திறந்துவைத்தார்.

"உங்க கடையில வாங்கினதுதான். இதையும் ஒருக்கா பார்த்துச் சொல்லிடுங்க."