அறுநூறு மில்லிவிநாடி

மாலை நான்கு மணிக்குக் கைபேசியில் மகன் பெயரருகே பச்சைப் புள்ளி எரியும். அதைக் கண்ட பிறகுதான் அத்தை மதியச் சோற்றில் கை வைப்பார். கப்பலில் பொறியாளனாக இருக்கும் மகன் இரண்டு மாதமாக ஒரு வரிகூட எழுதவில்லை. ஒரு மாதமாக நாள் தவறாமல் எரியும் அந்தப் புள்ளி ஒன்றே அவன் இருக்கிறான் என்பதற்குச் சாட்சி. மாமாவோ அந்நேரம் பார்த்து, செடிக்கு நீரூற்றுவதாக மாடிக்குப் போய்விடுவார்.

மருமகளுக்குப் பிழைப்பே அளப்பதுதான். இணைய நிறுவனத்தில் அமர்ந்தபடி எங்கோ உள்ள கணினிக்குச் சின்னஞ்சிறு கேள்வி ஒன்றை அனுப்புவாள். பதில் வரும் நேரத்தை வைத்தே அது எவ்வகை இணைப்பில் இருக்கிறது என்று சொல்லிவிடுவாள். கிணற்றில் கல்லைப் போட்டு, ஓசை எழும் நேரத்தால் ஆழம் அறிவது போன்ற வேலை அது. கம்பி வழிப் பதில் சீராக வரும். கைபேசி வழியாயின் முதல் பதில் தூங்கி எழுந்தாற்போலத் தாமதிக்கும். நடுக்கடலிலிருந்து வருவதோ செயற்கைக்கோள்வரை ஏறி இறங்க வேண்டும். அரை விநாடி, அதாவது ஐந்நூறு மில்லிவிநாடி, ஆகாமல் வராது. ஊரையெல்லாம் அளந்தவள் கணவனை மட்டும் அளக்கவில்லை. துணிவு வரவில்லை.

“நாள் பூரா இதத்தானே பண்ற? நம்ம புள்ள எங்க இருக்கான்னு பாத்துச் சொல்ல மாட்டியா?” அத்தை விடுவதாயில்லை. “ஐந்நூறுக்கு மேல வந்தா கடல்னு நீதானே சொன்ன.”

“பாக்கலாம் அத்தை. சாப்பிடுங்க, சோறு ஆறுது.”

“பத்து நாளா இதேதான் சொல்ற. சோறு ஆறட்டும். நீ பாரு.”

அளந்தாள். மூன்று மில்லிவிநாடி. மறுபடியும் மூன்று. பிறகு நான்கு.

கடலிலிருந்து அப்படி வராது. அடுத்த தெருவிலிருந்துகூட வராது. பதில் சொல்வது எதுவோ, அது இந்த வீட்டுக்குள்ளேயே இருந்தது. தலைக்கு மேலே நாற்காலி ஒன்று நகரும் ஓசை கேட்டது.

“என்னடி, மூஞ்சி வெளுத்துப் போச்சு?”

“இணைப்பு சரியில்ல அத்தை. மாடியில பாத்துட்டு வரேன்.”

மாடியறையில் பெட்டி ஒன்று திறந்து கிடந்தது. உள்ளே கணவனின் சட்டைகள். காலர்களில் உப்புப் பூத்திருந்தது. அவனுடைய மடிக்கணினியின் முன்னால் மாமா கை கட்டி அமர்ந்திருந்தார்.

“இது எப்ப வந்துச்சு மாமா?”

“ஒரு மாசமாச்சும்மா. கப்பல் ஆபீஸ்ல கூப்பிட்டுக் குடுத்தாங்க. காய்ச்சலாம். கடல்லயே அவன…” அவர் மடிக்கணினியைக் காட்டினார். “ரெண்டு வரி எழுதிப் போடலாம்னுதான் உக்காந்தேன். அவன மாதிரி எழுத வரல. அதான் தெறந்து மட்டும் வைக்கிறேன்.”

அவள் பெட்டியருகே தரையில் அமர்ந்தாள். மேலே கிடந்த சட்டையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

“என்ன ஆச்சு? கடல்தானே?” கீழிருந்து அத்தையின் குரல் ஏறி வந்தது.

“நீயே சொல்லிடும்மா. என்னால ஆகாது,” என்றார் மாமா.

அவள் எழுந்தாள். மடிக்கணினியைத் தன் பக்கம் திருப்பினாள். தாமதத்தைக் கூட்டலாம், குறைக்கத்தான் முடியாது என்பது அவள் தொழிலில் எல்லோருக்கும் தெரிந்தது. அறுநூறு மில்லிவிநாடி கூட்டினாள். ஒரே எண் திரும்பத் திரும்ப வந்தால் சாயம் வெளுத்துவிடும். ஆகவே முப்பது கூட, இருபது குறைய என்று, அலையில் கப்பல் ஆடுவதைப் போன்ற ஒரு தள்ளாட்டத்தையும் சேர்த்தாள்.

“என்னம்மா பண்ற?”

“தூரமாக்குறேன் மாமா.”

கீழே வந்து, அத்தையின் கண்முன்னே மறுபடி அளந்தாள். அறுநூற்றுப் பன்னிரண்டு. அறுநூற்று முப்பத்தொன்று. ஐந்நூற்றுத் தொண்ணூறு.

“கடல்தான் அத்தை.”

அத்தை தட்டை இழுத்து வைத்துக்கொண்டு உண்ணத் தொடங்கினார்.

மருமகள் நிறுத்தவில்லை. தன் கையால் வைத்த தாமதம் என்று தெரிந்தும் கேள்வி மேல் கேள்வியாக அனுப்பினாள். ஒவ்வொரு முறையும் பதிலுக்கு முன்பாகச் சிறிது நேரம் ஒன்றும் இராது. யாரோ மூச்சை இழுத்துக்கொண்டு பேச வாயெடுப்பதுபோல் இருக்கும். அதற்காகவே அடுத்ததை அனுப்பினாள்.

“போதும் விடுடி,” என்றார் அத்தை, வாயில் சோற்றுடன். “அவனுக்கு அங்க வேலை இருக்கும்.”