பின்னாடி கேக்குதா?

மைக்கைக் கையில் வாங்கினால் செந்தமிழ் முதலில் அதைச் சோதித்துப் பார்ப்பான். "ஹலோ, மைக் டெஸ்டிங்... ஒன், டூ, த்ரீ. பின்னாடி கேக்குதா?" யாராவது "கேக்குது" என்று சொல்ல வேண்டும். அதற்குப் பிறகுதான் பாட்டு. அண்ணன் கார்த்திகேசன் மரக்காணத்தில் சவுண்ட் சர்வீஸ் வைத்திருக்கிறார். எந்தப் பந்தலிலும் வேலை அப்படித்தான் தொடங்கும். இருபத்திரண்டு வயதிலும் எழுத்துக் கூட்டிப் படிக்கத் திணறும் செந்தமிழுக்கு இந்த ஒழுங்கில் மட்டும் சந்தேகம் வந்ததே இல்லை.

சந்தேகமெல்லாம் நிவேதாவுக்குத்தான். கற்றல் குறைபாடு உள்ளவர்களும் இல்லாதவர்களும் சேர்ந்து பாடும் செந்தமிழின் குழுவை அவள்தான் நடத்துகிறாள். மாற்றுத்திறனாளிகள் தின மேடைகளில் அவர்கள் பாடியிருக்கிறார்கள். அங்கே வாயைத் திறப்பதற்கு முன்பே கைதட்டிவிடுவார்கள்; சுருதி சேர்ந்ததா என்று யாரும் கவனித்ததில்லை. இன்று குப்பத்துக் கெங்கையம்மன் திருவிழா. ஆர்கெஸ்ட்ரா தொடங்கும் முன் இவர்களுக்கு ஒரு பாட்டு. நன்றாக இருந்தால் கேட்பார்கள், இல்லாவிட்டால் விசிலடித்தே இறக்கிவிடுவார்கள். அதற்காகவே நிவேதா இந்த மேடையைக் கேட்டு வாங்கியிருந்தாள்.

"செந்தமிழு, இன்னிக்கு டெஸ்டிங் வேணாம்பா. உங்க அண்ணன் சாயங்காலமே பாத்துட்டாரு. நேரா பாட்டு, சரியா?"

"டெஸ்ட் பண்ணாம எப்படிக்கா பாடறது?"

"ஜனங்க சிரிப்பாங்கடா."

"சிரிச்சா கேக்குதுன்னு அர்த்தம்."

நிவேதா குரலை உயர்த்தினாள். "சொல்லிட்டேன். டெஸ்டிங் பண்ணா, இனிமே முதல் வரி பூஜாவுக்குத்தான்."

முதல் வரி செந்தமிழுடையது. அவன் தனியாக எடுத்துக் கொடுப்பான். பிறகுதான் மற்றவர்கள் சேர்வார்கள். அவன் தலையாட்டவில்லை.

"எனக்கு வேணாம்க்கா," என்றாள் குழுவில் அவனுக்கு அடுத்து நிற்கும் பூஜா. "அவனே பாடட்டும்."

மேடை ஏறினார்கள். முன்னால் நாற்காலிகள், அதற்கப்பால் மணலில் உப்பளத்து வேலை முடிந்து வந்த பெண்கள், கடைசியில் படகுகள். கடல் காற்று பந்தல் துணியைப் படபடக்க வைத்தது. செந்தமிழ் மைக்கை இரண்டு தட்டு தட்டினான்.

"ஹலோ, மைக் டெஸ்டிங்... ஒன், டூ, த்ரீ. பின்னாடி கேக்குதா?"

பந்தல் குலுங்கிச் சிரித்தது. குழுவில் யாரும் பதில் சொல்லவில்லை. நிவேதாவின் உத்தரவு அப்படி. செந்தமிழ் காத்திருந்தான்.

படகில் சாய்ந்து நின்ற ராமதாஸ் வாயருகே கை குவித்துக் கத்தினான்: "கேக்கலடா! இறங்குடா, ஆர்கெஸ்ட்ரா வரட்டும்!"

அது கேலி என்று செந்தமிழுக்குப் படவில்லை. பின்னால் கேட்கவில்லையாம்; அவ்வளவுதான் விஷயம். ஆம்ப்ளிஃபயர் அருகே நின்ற அண்ணனைப் பார்த்துக் கட்டைவிரலை மேல்நோக்கிக் காட்டினான். கார்த்திகேசன் ஒருமுறை நிவேதாவைப் பார்த்தார். பிறகு வால்யூமை ஏற்றினார்.

"படகாண்ட நிக்கற அண்ணே! ப்ளூ சட்டை! இப்ப கேக்குதா?"

குரல் கடல்வரை போனது. எல்லாத் தலைகளும் ராமதாஸ் பக்கம் திரும்பின.

"ஏன்டா ராமதாசு, பதில் சொல்லேன்டா," என்றாள் மணலில் உட்கார்ந்திருந்த வேலம்மாள். "புள்ள உனக்காகத்தான நிக்குது?"

இப்போது சிரிப்பு வேறு பக்கம் போயிருந்தது. ராமதாஸ் பின்னங்கழுத்தைத் தடவிக்கொண்டான். "கேக்குது, கேக்குது."

"தேங்க்ஸ்ணே," என்றான் செந்தமிழ், மனதார.

பாடினான்.

"வெயிலு வந்தா வெள்ளையாப் பூக்கும் எங்க ஊரு மண்ணு..."

வரியின் முடிவில் பூஜா சேர்ந்தாள், பிறகு அத்தனை பேரும். சுருதி பிசகவில்லை. நடுவில் யாரும் கைதட்டவில்லை, கேட்டுக்கொண்டிருந்தார்கள். பாட்டு முடிந்த பிறகுதான் கைதட்டல் எழுந்தது. படகுப் பக்கமிருந்து, "டேய், இன்னொண்ணு பாடுங்கடா!" என்று குரல் வந்தது. ராமதாஸ்தான்.

நிவேதா மேடையோரம் வந்தாள். "நீயே எடு, செந்தமிழு. வேணும்னா டெஸ்டிங் பண்ணிட்டே ஆரம்பி."

செந்தமிழ் அவளைச் சற்று இரக்கத்தோடு பார்த்தான்.

"ஒரு தடவ பண்ணா போதும்க்கா."