செல்லாத பதில்

1

இந்தக் கதை என் கற்பனையில் பிறந்தது என்று சொல்லிக்கொள்ள ஆசைதான். ஆனால் இது என் வாயில் பிறந்தது. என் அக்காவின் கணவர் இன்று பேச்சிழந்து நாற்காலியில் உட்கார்ந்திருப்பதற்கு நான் சொன்ன ஒரு வரியும் காரணம். இதை இப்போதே சொல்லிவிடுகிறேன். கடைசியில் சொன்னால் அதை ஒரு திருப்பம் என்று ரசித்துவிடுவீர்கள்.

மூன்று தொடக்கங்கள் எழுதிப் பார்த்தேன்.

'மனிதன் எங்கே முடிகிறான், இயந்திரம் எங்கே தொடங்குகிறது என்னும் கேள்வி' என்று ஒன்று. அடித்துவிட்டேன். மேடையில் பேசுகிறவனுக்கு ஏற்ற கேள்வி அது.

'அன்று காலையிலிருந்தே வானம்' என்று இன்னொன்று. வானத்துக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?

மூன்றாவது: 'மாமாவின் கை நடுங்கியது.' இது நடந்தது. இதைப் பிடித்துக்கொண்டே போகிறேன்.

2

மாமா வெல்டர். இரும்புக் கதவும் ஜன்னல் கம்பியும் செய்யும் பட்டறையில் இருபது வருட வேலை. நாற்பத்து நாலு வயதில் வலது கை நடுங்க ஆரம்பித்தது. பற்றவைத்த கோடு புழு ஊர்ந்த தடம்போல் வளைந்தது. பட்டறைக்காரர் தோளில் தட்டிக்கொடுத்து, வீட்டுக்கு அனுப்பிவிட்டார்.

அக்கா ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் துணிகளுக்கு இஸ்திரி போடுகிறவள். அங்கேயே விசாரித்து, மாமாவை நுண்பொறி ஊசிக்குப் பதிந்துவைத்தாள். இதைப் படிக்கும் உங்களில் சிலருடைய ரத்தத்திலும் அவை ஓடிக்கொண்டிருக்கும், நான் விளக்க வேண்டியதில்லை. தெரியாதவர்களுக்காக: ஒரே ஊசியில் கோடிக்கணக்கில் ஏறும். பழுதான நரம்புச் செல்லைத் தேடிப்போய் ஒட்டிக்கொண்டு, அதன் வேலையைத் தாமே செய்யும். செல் செத்துப்போனால் அந்த இடத்திலேயே குடியிருந்துவிடும்.

ஆறு வாரத்தில் மாமா ஊசியில் நூல் கோத்துக் காட்டினார்.

"மாப்ள, எனக்குள்ள இப்ப கோடிப் பேர் வேலை செய்றான். ஒருத்தனும் லீவு கேக்கல பாரேன்!"

மறுவாரமே பட்டறைக்குத் திரும்பினார். பிறகு ஐந்து வருடங்கள்.

(இங்கே அந்த ஐந்து வருடச் சந்தோஷத்தை எழுத வேண்டும். 'ஞாயிற்றுக்கிழமைகளில் இருவரும்' என்று ஆரம்பித்தேன். மேலே ஓடவில்லை. சந்தோஷமாக இருந்தார்கள், அவ்வளவுதான்.*)

* அவரிடம் ஏதாவது மாற்றம் தெரிகிறதா என்று அக்காவிடம் ஒருமுறை கேட்டேன். "குறட்டை குறைஞ்சிருக்கு. அதுக்காகவே இன்னொரு ஊசி போடலாம்" என்றாள்.

3

ஆறாம் வருடம் ஆஸ்பத்திரியிலிருந்து கூப்பிட்டார்கள். மாமாவுக்குப் போட்ட ஊசி வந்த தொகுதியில், அந்த 'பேட்ச்' முழுவதிலும், கோளாறு. பத்தில் ஆறு பேருக்கு நுண்பொறிகள் மூளையில் கட்டிதட்டுகின்றன. கட்டிதட்டினால் சில மாதங்களில் உயிர் போய்விடும். மற்ற நாலு பேருக்கு ஒன்றுமே ஆவதில்லை. யார் அந்த நாலு பேர் என்று முன்கூட்டியே கண்டுபிடிக்க வழியில்லை.

டாக்டரம்மாவின் அறையில் மாமா, அக்கா, நான். காலை பதினோரு மணி. சுவரில் மாமாவுடைய மூளையின் படம்.

"எல்லாத்தையும் வெளிய எடுத்துடலாம். உயிருக்கு ஆபத்திருக்காது. ஆனா அதுங்க பார்த்துட்டிருந்த வேலையெல்லாம் நின்னு போகும்" என்றார் டாக்டரம்மா.

"எனக்கு வேண்டாம் டாக்டர்" என்றார் மாமா உடனே. "அந்த நாலு பேர்ல ஒருத்தனா இருந்துட்டுப் போறேன். இல்லேன்னா போய்ச் சேர்றேன்."

டாக்டரம்மா அதைக் குறித்துக்கொள்ளவில்லை. பேனாவை மூடிவைத்தார்.

"உங்க பதிலைச் சம்மதமாவோ மறுப்பாவோ எங்களால எடுத்துக்க முடியாதுங்க. இந்தப் படத்தைப் பாருங்க. யோசிக்கிற இடம், பேசுற இடம், ரெண்டுலயும் இந்த அஞ்சு வருஷத்துல செல்லுங்க செத்துச் செத்து, பாதிக்கு மேல அதுதான் இருக்கு. உன்னை வெளிய எடுக்கவான்னு அதுகிட்டயே கேட்டா, அது என்ன சொல்லும்? சட்டப்படி உங்க மனைவிதான் கையெழுத்துப் போடணும்."

மாமா சிரித்தார். "திருடன்கிட்டயே சாவி இருக்குதுங்கிறீங்க." பிறகு சிரிப்பு நின்றது. "டாக்டர், நான் இங்கதான் இருக்கேன். உங்க எதிர்ல."

மாமா அக்காவின் பக்கம் திரும்பினார்.

"நீயாவது சொல்லேன்."

அக்கா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

4

நடைபாதையில், தண்ணீர்க் குழாய்க்குப் பக்கத்தில் அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டாள். இஸ்திரிப் பெட்டி சுட்டுச் சுட்டுக் காய்த்த கை.

"நீ கதை எழுதுறவன். மனுஷங்களப் பத்தி யோசிக்கிறதுதானே உன் வேலை? சொல்லுடா. உள்ள உக்காந்து பேசுறது இவருதானா?"

எனக்குத் தெரியாது. 'தெரியாது' என்பது நாலே எழுத்து. அதைச் சொல்லியிருக்கலாம்.

ஆனால் அதற்கு முந்தைய வாரம்தான், செத்தவன் குரலில் பேசும் இயந்திரத்தைப் பற்றி ஒரு கதை எழுதத் தொடங்கியிருந்தேன். கதை நகரவில்லை. ஒரு வரி மட்டும் நன்றாக அமைந்திருந்தது. அந்த வரியைப் பேச்சுக்கு மாற்றி அக்காவிடம் சொன்னேன்.

"குரல் அவரோடதுக்கா. பேசுறது அவரில்ல."

நடுவில் ஒரு இடைவெளி விட்டுச் சொன்னேன். சொன்ன பொய்யைக்கூட மன்னித்துக்கொள்ளலாம். அந்த இடைவெளியை

அக்கா புறங்கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனாள். பேனாவை எடுத்தாள். மாமா எட்டிப் பார்த்தார். தடுக்கவில்லை.

"படிச்சுப் பாத்துட்டுப் போடும்மா" என்று மட்டும் சொன்னார்.

5

ரத்தத்தை ஒரு இயந்திரத்தின் வழியாக ஓடவிட்டுத் திரும்ப ஏற்றுவார்கள். மூன்று நாள் ஆகும். வார்டில் அதற்கு 'வடிக்கிறது' என்று பெயர்.

முதல் நாள் மாமா என்னோடு பேசிக்கொண்டிருந்தார். பட்டறையில் பாதியில் விட்டுவந்த கதவு ஒன்றைப் பற்றிக் கவலைப்பட்டார். இரண்டாம் நாள் காலையில் டம்ளரைக் காட்டி "அது, அது" என்றார். அன்று மாலை அக்காவை வெகுநேரம் பார்த்துவிட்டு, "வேண்டாம்னு சொன்னேனே" என்றார். அதற்குப் பிறகு அவர் முழுதாக ஒரு வாக்கியம் பேசியதில்லை.

கதைக்கு மூன்று முடிவுகள் எழுதிப் பார்த்தேன்.

அ) ஆறு மாதம் கழித்து ஒரு காலையில் மாமா அக்காவைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார். படிக்கிறவர்கள் அழுவார்கள். பொய்.

ஆ) மூன்றாம் நாளே இறந்துவிடுகிறார். இதை எழுதியபோது எனக்கு நிம்மதியாக இருந்தது. அதனாலேயே அடித்தேன்.

இ) நடந்தது. மாமா உயிரோடு இருக்கிறார். இப்போது இரண்டு கைகளும் நடுங்குகின்றன. கரண்டி உதட்டில் பட்டால் வாயைத் திறக்கிறார். அக்கா வேலைவிட்டு வரும்போது வாசல்பக்கம் தலை திரும்புகிறது. அவளுக்கு அது ஒன்றுதான் மிச்சம். நான் கதவைத் திறந்தாலும் அதேபோலத் திரும்புகிறது. காற்றில் கதவு அடித்துக்கொண்டாலும் திரும்புகிறது. இதை அவளிடம் சொல்லவில்லை.

6

சொல்லாமல் விட்டது இன்னொன்றும் உண்டு.

மாமாவை வார்டில் சேர்த்த அன்று, அக்கா பணம் கட்டப் போயிருந்தபோது, பக்கத்துக் கட்டிலில் ஒரு பஸ் டிரைவர் இருந்தார். அதே தொகுதி, அதே படம். அவர் மனைவி கையெழுத்துப் போட மறுத்துவிட்டார். "அவரு வேண்டாம்னா வேண்டாம்தான். யாரு பேசுனா என்ன, என்கூடக் குடும்பம் நடத்துறது அதுதானே?" என்று சொல்லிவிட்டுக் கூட்டிக்கொண்டு போனார்.

போன மாதம் அந்த அம்மாவை மருந்துக்கடையில் பார்த்தேன். பேசாமல் நழுவியிருக்கலாம். வாய் சும்மா இருக்கவில்லை.

"எப்படி இருக்காரு?"

"நல்லாத்தான் இருக்காரு தம்பி. நேத்துகூட ஃபேனை நிறுத்துறதுக்குப் பெரிய சண்டை. உங்க மாமா?"

"இருக்காருங்க" என்றேன்.

பத்தில் நாலு. வெறும் அதிர்ஷ்டம். எங்கள் வீட்டிலும் அப்படித்தான் நடந்திருக்கும் என்று சொல்ல முடியாது. நடந்திருக்காது என்றும்

7

இங்கே நிறுத்திவிட நினைத்தேன். இன்று மத்தியானம் அக்கா வந்து என் மேஜையருகே நின்றாள்.

"என்னடா எழுதுற?"

"மாமாவப் பத்தி."

திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டினால் நன்றாக இருக்கும் என்றும் இருந்தது.

"அதுல அவரு பேசுறாரா?"

"பேசுறாருக்கா."

"நிறையவா?"

"கொஞ்சம்."

கையை நீட்டினாள். "குடு, படிக்கிறேன்."

ஆறாம் பகுதியையும் அதற்கு முன் அவளுக்குச் சொல்லாத வரிகளையும் உருவிவிட்டுக் கொடுத்தால், வேறு வழியே இல்லாமல்தான் கையெழுத்துப் போட்டோம் என்று அவள் மிச்சக் காலத்தை ஓட்டிவிடலாம். உருவாமல் கொடுத்தால் உண்மை அவளுக்குப் போய்ச் சேரும். அதை வைத்துக்கொண்டு அவள் எப்படி அவருக்குச் சோறூட்டுவாள் என்று எனக்குத் தெரியவில்லை. அவளுக்காக ஒருமுறை முடிவெடுத்துக் கொடுத்தவன் நான். மறுபடியும் அதைச் செய்ய எனக்குத் துணிவில்லை. எல்லாத் தாள்களையும் படித்துவிட்டவர் நீங்கள். எதைக் கொடுப்பது, எதை எடுப்பது என்று நீங்களே சொல்லுங்கள். சீக்கிரம் சொன்னால் தேவலை. நீட்டிய கையை அவள் இன்னும் மடக்கவில்லை.

"முழுசா இல்லேன்னாலும் பரவால்லடா" என்கிறாள். "அவரு பேசுற பக்கத்த மட்டுமாவது குடு."