அறுபது கையெழுத்து

எட்டாவது நிமிடத்தில் தவசிமுத்து சார் மதியின் பக்கத்தில் ஓடி வந்தார். ஓடி வந்தார் என்பதெல்லாம் மரியாதைக்குச் சொல்வது. தொப்பை ஒரு பக்கம், கழுத்து விசில் ஒரு பக்கம் ஆட, கையில் ஸ்டாப்வாட்சோடு மைதானத்தின் வளைவில் முப்பதடி தூரம் அவளோடு இழுபட்டார்.

"ஏட்டி, நல்லாக் கேளு," என்றார் மூச்சிரைக்க. "முடிஞ்சதும் அந்த மேடம் உன்னக் கூப்பிடுவாவ. அறுவது நாளும் சாயங்காலப் பயிற்சிக்கு வந்தேன்னு சொல்லிரு. இந்த வருசம் யுனிவர்சிட்டி டீம்ல மொதப் பேரு உன்னதுதான்."

மதி வேகத்தைக் குறைக்கவில்லை. பேசினால் மூச்சு கெடும். திட்டினால் இன்னும் கெடும்.

சார் பின்தங்கினார். எதிரே, சுற்று எண்ணும் ரோசி கையை உயர்த்தினாள். எண்ணூர் குப்பத்துப் பெண், மதியின் வகுப்புத் தோழி.

"பத்து முடிஞ்சிச்சி. இன்னாவாம் அவருக்கு? கூட ஓடி மெலியப் போறாராமா?"

சுற்றுச்சுவருக்கு அந்தப் பக்கம் கன்டெய்னர் லாரிகள் வரிசை கட்டி நின்றன. திருவொற்றியூரின் அந்தக் கல்லூரி மைதானத்தில் தூசி இல்லாத நாள் கிடையாது. மதி வாயை மூடி, மூக்கால் இழுத்து, காலை நீட்டிப் போட்டாள்.

சாருக்கு இது வெறும் ஓட்டமில்லை, டாக்டர் பட்டம். ஓட்டப் பயிற்சி மாணவிகளின் உடல் தகுதியை எவ்வளவு கூட்டுகிறது என்பது ஆராய்ச்சி. நாற்பது பெண்கள். இருபது பேர் தினமும் சாயங்காலம் நாலு மணிக்கு வந்து ஓட வேண்டும். மற்ற இருபது பேர் ஓடவே கூடாது. எப்போதும் போல இருக்க வேண்டும். பன்னிரண்டு வாரம் கழித்து எல்லோரையும் பன்னிரண்டு நிமிடம் ஓடவிட்டு, எந்தக் குழு எவ்வளவு கூடியிருக்கிறது என்று பார்ப்பது. அந்த வித்தியாசம்தான் பட்டம்.

மதி ஓடக் கூடாத இருபதில் ஒருத்தி.

இது அவளுக்குத் தெரியும், சாருக்கும் தெரியும். பல்கலைக்கழகத்திலிருந்து மேற்பார்வைக்கு வந்திருந்த பேராசிரியை சபீஹாவுக்குத் தெரியாது. குழுப் பட்டியலை சார் இன்று காலையில்தான் அவர் கையில் கொடுத்திருந்தார்.

போன வருடம் யுனிவர்சிட்டி டீமுக்கான ஐந்து கிலோமீட்டர் தேர்வில் மதி முதலாவதாக வந்தாள். மறுநாள் நோட்டீஸ் போர்டில் அவளுடைய நேரம் அச்சுப் பிசகாமல் இருந்தது. பக்கத்தில் பெயர் மட்டும் மகிமா. சாருடைய அண்ணன் மகள். கேட்கப் போனவளை சார் உட்காரக்கூடச் சொல்லவில்லை.

"எம்.கே.பி. நகர் ஹவுசிங் போர்டுப் புள்ளைக்கு டீம் எதுக்கு? நாலு மாசம் ஓடுவ, அப்புறம் வேலைக்குப் போவ. மகிமான்னா நெலச்சு நிக்கும்."

அன்றைக்கே ஷூவைப் பரணில் போட்டாள். சார் சொன்னபடியே காலடிப்பேட்டை சூப்பர் மார்க்கெட்டில் பில் போடும் வேலைக்கும் போனாள். அவளிடம் மிச்சமிருந்தது ஒரே ஆசை. அந்த மனிதரின் பெயருக்கு முன்னால் 'முனைவர்' என்ற வார்த்தை ஏறக் கூடாது. புதுப் பெயர்ப்பலகை ஏற்கெனவே தயாராகி, செய்தித்தாள் சுற்றி அவர் மேசைக்கடியில் கிடப்பதை ரோசி பார்த்து வந்து சொன்ன நாளிலிருந்து அந்த ஆசை சோறு தண்ணீர் மாதிரி ஆகிவிட்டது.

விசில் அடித்தது. பதினாலு சுற்றும் அதற்கு மேல் பத்தடியும்.

சபீஹா அவள் மணிக்கட்டைப் பிடித்து நாடியை எண்ணினார். காகிதத்தைப் பார்த்தார். மறுபடி அவளைப் பார்த்தார்.

"முதல் டெஸ்ட்ல ரெண்டாயிரத்து நூறு மீட்டர். இன்னிக்கு ரெண்டாயிரத்து எண்ணூறு. காலையில ஓய்வுல எடுத்தப்போ நாடி எண்பத்திரண்டுல இருந்து அறுபத்திரண்டுக்கு எறங்கியிருக்கு. நாற்பது பேர்ல யாருக்கும் இப்படி வரலை."

"எல்லாம் பயிற்சிதான் மேடம்," என்றார் சார் பணிவாக. வருகைப் பதிவேட்டைப் பிரித்து நீட்டினார். பயிற்சிக் குழுவில் பதினேழாவது பெயர் மதி. அந்த இடத்தில் முன்பு இருந்த மகிமாவின் பெயர் ஓடாத குழுவுக்குப் போயிருந்தது. பாவம், மூன்று மாதம் கையெழுத்துப் போட்டுவிட்டு கேன்டீனில் உட்கார்ந்திருந்தவளுக்கு ஐம்பது மீட்டர்கூடக் கூடியிருக்கவில்லை.

"மதி, அறுபது நாளும் வந்தியாம்மா?"

சார் ஸ்டாப்வாட்சைத் துடைக்க ஆரம்பித்தார்.

"பேரு என்னுது மேடம். கையெழுத்து சாரோடது."

"வெளாட்டுப் புள்ள மேடம்..." என்று சார் சிரித்தார்.

மதி டிராக் பேன்ட் பையிலிருந்து பிளாஸ்டிக் உறையை எடுத்தாள். வேர்வை படாத இரண்டு தாள்கள். சூப்பர் மார்க்கெட்டின் கைரேகை இயந்திரத்தில் எடுத்த பதிவு, மேனேஜர் முத்திரையோடு. பன்னிரண்டு வாரமும் மூன்று மணிக்கு உள்ளே, எட்டு மணிக்கு வெளியே. ஒரு நாள் லீவு இல்லை.

சபீஹா இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, தேதி தேதியாக விரலை ஓட்டினார். ஐந்தாவது தேதியில் விரல் நின்றுவிட்டது.

"அப்போ எப்படி இவ்வளவு தூரம் ஓடினே?"

"காலைல நானா ஓடுனேன் மேடம்."

"ஓட மாட்டேன்னு எழுதிக் கொடுத்திருப்பியே. அது உன் தப்பு."

"தப்புதான் மேடம். அதையும் எழுதிக்கங்க. டீம் கீம் எதுவும் வாணாம்."

சபீஹா எழுதினார். பிறகு ஃபைலை மூடிக் கைப்பைக்குள் வைத்தார். "இது இனிமே என்கிட்ட இருக்கட்டும், தவசிமுத்து. விளக்கத்தை யுனிவர்சிட்டி கமிட்டி முன்னால வந்து சொல்லுங்க." அவருடைய கார் கேட்டைத் தாண்டும்வரை சார் வாட்சைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

மதி தரையில் உட்கார்ந்து ஷூ கயிற்றை அவிழ்த்தாள். சார் வந்து நின்றார். குரல் கீழே போயிருந்தது.

"யாரு சொன்னது? மகிமாவா?"

"யாரும் சொல்லல சார்."

"பொறவு எப்படித் தெரியும்? நான் உன் பேரத்தான் மாத்துவேன்னு?"

மதி நிமிர்ந்து பார்த்தாள்.

"தெனம் காலைல காபி டம்ளரோட உங்க வூட்டு கேட்டாண்ட நின்னுகினு நான் ஓடறதப் பார்ப்பீங்களே சார். எம்.கே.பி. நகர்ல இல்லாத ரோடா? மொதோ பஸ்ஸப் புட்ச்சி உங்க தெருவுக்கு வந்து இன்னாத்துக்கு ஓடுனேன்னு நெனச்சீங்க? போன வருசம் என் டைம எடுத்தவரு, கண்ணுல காட்னா இந்த வருசமும் எடுப்பாருன்னுதான்."