முழங்காலுக்கும் மார்புக்கும் நடுவே

1

இந்தக் கதையை நான் தேடிப் போகவில்லை. ஒரு பம்ப் ஆபரேட்டர் என் அக்காவிடம் ஒரு கேள்வி கேட்டார். அக்கா பதில் சொல்லாமல் என் பக்கம் கையைக் காட்டிவிட்டாள். அப்படி என் தலையில் வந்து விழுந்தது. என்ன கேள்வி என்று இப்போதே சொன்னால் நீங்கள் எழுந்து போய்விடுவீர்கள். கொஞ்சம் பொறுங்கள்.

முதல் தொடக்கம்: "வானம் கறுத்து, மேகங்கள் திரண்டு, அந்த நகரத்தின் மீது..." (அடித்துவிட்டேன். வெள்ளக் கதையை வானத்திலிருந்து ஆரம்பிக்கிற வியாதி எனக்கும் உண்டு.)

இரண்டாவது: "அவர் சுவிட்சை அணைத்தார்."

இது பரவாயில்லை. இதையே வைத்துக்கொள்வோம்.

2

தாழ்வான தெரு. மழைநீரைக் கால்வாய்க்கு இறைத்துத் தள்ள, தெருக்கோடியில் ஒரு பம்ப் அறை. உள்ளே இடுப்பு உயர மேடையில் மோட்டார். அன்று பம்ப் ஓட ஓடவே தண்ணீர் மேடை விளிம்புக்கு ஏறியது. பம்ப் அண்ணன் சுவிட்சை அணைத்தார், மோட்டாரைக் கழற்றினார், சங்கிலி போட்டு மொட்டைமாடிக்கு ஏற்றினார். மூழ்கினால் மோட்டார் எரிந்துவிடும். காப்பாற்றி வைத்தால், தண்ணீர் இறங்கத் தொடங்கியதும் மறுபடி ஓட்டலாம். அந்தத் தொழிலில் அதுதான் முறை. அவரும் அப்படியே ஓட்டித் தெருவைக் காயவைத்தார்.

ஆனால் எதிர்மாடியில் ஒதுங்கி நின்ற தையல்கடைக்காரம்மா போனில் எடுத்த வீடியோவில் முதல் பாதிதான் இருந்தது. தெரு மூழ்கிக்கொண்டிருக்க, ஒரு மனிதன் பம்பை நிறுத்துகிறான். ஊரே பார்த்தது, ஊரே காறித் துப்பியது. அவரை வேலையிலிருந்து நிறுத்திவைத்து விசாரணை போட்டார்கள்.

(இங்கே அவரைக் குடிகாரராக்கலாமா என்று ஒரு சபலம். கதை சூடுபிடிக்கும். ஆனால் மனுஷன் டீயையே அளந்து குடிப்பவர். விட்டுவிட்டேன்.)

3

அக்காவின் வேலை நஷ்டத்தை அளப்பது. மனிதர்கள் பூமியைச் சூடாக்காமல் இருந்திருந்தால் இதே மழை எவ்வளவு பெய்திருக்கும் என்று கம்ப்யூட்டரில் இன்னோர் உலகத்தை உண்டாக்குவாள். நடந்ததிலிருந்து அதைக் கழித்தால் மிஞ்சுவது நம் கைங்கரியம். அதாவது இல்லாத உலகத்தை எழுதுகிறாள், அதற்குச் சம்பளமும் வாங்குகிறாள். எனக்கு வயிறு எரிகிறது, மறைப்பானேன்.

விசாரணையில் அன்றைய வெள்ளக் கணக்கைச் சொல்ல அக்காவைக் கூப்பிட்டிருந்தார்கள். நான் வண்டி ஓட்டத்தான் போனேன்.

"இல்லாத உலகத்தை வச்சு எப்படிங்க முடிவு பண்றது? இது கற்பனைதானே?" என்றார் விசாரணை அதிகாரி.

"கற்பனைதான் சார்," என்றாள் அக்கா. "ஆனா ஆயிரம் தடவை போட்டுப் பார்த்த கற்பனை. பெரும்பாலும் முழங்கால் தண்ணிதான். சில தடவை இடுப்பைத் தொட்டுச்சு, அதையும் மறைக்காம எழுதியிருக்கேன். அன்னைக்கு மாதிரி மார்பளவு வந்தது அத்தி பூத்த மாதிரி."

(நான் ஒரு கதையை மூன்று தடவை திருத்தினாலே முதுகு வலிக்கிறது என்பேன்.)

தையல்கடைக்காரம்மா எழுந்துவிட்டார். "அப்போ என் மெஷினெல்லாம்? அதுங்க மேசை மேலதானே இருந்துச்சு!"

"முழங்கால் தண்ணி மேசைக்கு ஏறாதும்மா. முழங்காலுக்கும் மார்புக்கும் நடுவுல இருக்கறது சும்மா மழை இல்ல. மனுஷங்க செஞ்சது."

"எந்த மனுஷங்க?"

"புகை விட்டவங்க. அதிகமா விட்டவங்க பங்கு அதிகம்."

"இவரு இல்லையா?"

"இவரு பம்பை நிறுத்தினதால தண்ணி ஏறல. தண்ணி ஏறினதாலதான் நிறுத்தினாரு."

அந்தம்மா ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த பம்ப் அண்ணனைப் பார்த்தார். கண் கலங்கிவிட்டது. "அண்ணே, நீங்க மோட்டாரைத் தூக்கிட்டுப் போனதையும் எடுத்திருப்பேன். போன்ல சார்ஜ் தீந்துபோச்சுண்ணே."

அறையே சிரித்தது. முதலில் சிரித்தவர் பம்ப் அண்ணன். குற்றச்சாட்டு தள்ளுபடி என்று அதிகாரி சொன்னபோது நான் கை தட்டினேன். விசாரணையில் கை தட்டக் கூடாதாம். தட்டினேன்.

4

இப்போது அந்தக் கேள்வி. வெளியே வந்ததும் அவர் அக்காவிடம் கேட்டார்: "ஏம்மா, அந்த இன்னொரு உலகத்துல அன்னைக்கு நான் என்ன செஞ்சிட்டிருந்தேன்?"

"எங்க கணக்குல மழை மட்டும்தான்ண்ணே இருக்கும், ஆள் இருக்க மாட்டாங்க. அதெல்லாம் இவ டிபார்ட்மென்ட்."

எழுதினேன். ஒரு முடிவில் பம்ப் அது பாட்டுக்கு ஓடுகிறது, அவர் பேப்பர் படித்தபடி தூங்கிவழிகிறார். இன்னொன்றில் நேரத்தோடு வீட்டுக்குப் போய், ஈரக் குடையை உள்ளே கொண்டுவந்ததற்கு மனைவியிடம் திட்டு வாங்குகிறார். மூன்றாவதில் அங்கேயும் தண்ணீர் இடுப்பைத் தொடுகிறது, அவர்... (எழுதவில்லை.)

பம்ப் அறையிலேயே வாசித்துக் காட்டினேன். கேட்டுவிட்டு, "நல்லாத்தான் இருக்கு தங்கச்சி," என்றார். "அந்த உலகத்துல இருக்கற நான் அவன் பாட்டுக்குத் தூங்கட்டும். நீ இதை எழுது." அவர் காட்டியது புது மேடையை. தெருவே சேர்ந்து கட்டியது. தலைக்கு மேலே நிற்கிறது மோட்டார். முதல் செங்கல் வைத்தது தையல்கடைக்காரம்மா என்று சொல்ல வேண்டுமா?

5

இதை எழுதும்போது மழை பிடித்துவிட்டது. தையல்கடைக்காரம்மா நேரலையில் வந்திருக்கிறார், முழு சார்ஜோடு. ஏணியில் ஏறி நின்று பம்ப் அண்ணன் சுவிட்சில் கை வைக்கிறார். பம்பின் உறுமல் போன் வழியே இங்கே என் அறைவரை கேட்கிறது. தெருவில் யாரோ விசிலடிக்கிறார்கள்.

தண்ணீர் எதுவரை ஏறும் என்று நான் எழுதப்போவதில்லை. முழங்கால் என்று எழுத ஆசைதான், ஆனால் அதை நான் ஒருத்தி எழுதினால் ஆகாது, நீங்களும் சேர்ந்து எழுத வேண்டும். என் பங்குக்கு இந்த வாக்கியத்தோடு நான் நிறுத்திக்கொள்கிறேன்.

அவர் நிறுத்தவில்லை.