தண்ணீரை அடித்தவன்

அன்று காலை தோட்டத்தில் இருந்தவர்கள் ஐந்தே பேர்: லாரி வைத்து ஓட்டிய கோதண்டராமன், அவர் மனைவி ஆராயி, மகன் கார்த்தி, மகள் பிரபா, வேலிக்கு அந்தப்பக்கத்து வீட்டில் இருந்த கோதண்டராமனின் தம்பி தர்மராஜ். வேறு ஒருவரும் இல்லை. தாங்களும் பார்த்ததாகச் சதுரங்கப்பட்டினத்து டீக்கடையில் பேசுகிறவர்கள் எல்லாம் சத்தம் அடங்கிய பிறகு வந்தவர்கள்.

இரண்டாயிரத்து நான்காம் வருடம், ஆவணி மாதம். அன்று பிரபாவுக்கு நிச்சயதார்த்தம். மாப்பிள்ளை பிரவின்குமார் கூடுவாஞ்சேரிக்காரன். வண்ண மீன் என்றால் அவனுக்குப் பித்து. பூ வைக்க வந்தபோது தட்டு வரிசையோடு, ஆக்சிஜன் நிரப்பிய பைகளில் கை நீளத்துக்குக் கோய் கெண்டைகளையும் கொண்டுவந்து கொடுத்திருந்தார்கள். அவை வரப்போவது தெரிந்து, அவற்றுக்கென்றே கோதண்டராமன் தோட்டத்தில் சிமெண்டுக் குளம் கட்டிவைத்திருந்தார். இடுப்பளவு ஆழம், காற்று ஊத ஒரு சின்ன மோட்டார். "சம்பந்தி வூட்டு மீனு" என்று போகிறவர் வருகிறவரை எல்லாம் நிறுத்திக் காட்டினார். நிச்சயத்தன்று மாப்பிள்ளை வீட்டார் முதலில் எட்டிப் பார்க்கப்போவது அந்தக் குளத்தைத்தான் என்பது அவருக்குத் தெரியும். ஒரு மீன் குறைந்தாலும் தலை குனிவு அவருக்கு.

முந்தின நாள் சாயங்காலம் குலதெய்வத்துக்குப் படையல் போட்டார்கள். முடிந்ததும், மீனுக்குப் பொரி போட்டால் புண்ணியம் என்று உறவுக்காரர்கள் ஆளுக்கொரு கை அள்ளி வீசினார்கள். கோதண்டராமன் கையால் அள்ளுகிற ஆள் இல்லை. பொரி மூட்டையை அவிழ்த்துக் கவிழ்த்தார். மிச்சமிருந்த சர்க்கரைப் பொங்கலையும் அதன்மேல் கொட்டினார்.

"அப்பா, தண்ணி கெட்டுடும்ப்பா. பேஜாரா பூடும்" என்றாள் பிரபா.

"கோதண்டராமன் வூட்டு மீனு பட்டினி கெடந்துதுன்னு நாளைக்கு எவனும் பேசக்கூடாது. போ உள்ள."

பிறகு வானம் மூடிக்கொண்டது. இலை அசையவில்லை. விடியும் முன்பே கரண்ட் போய், மோட்டாரும் நின்றது. அது தெரியாமல் அப்பாவும் மகனும் மாலை வாங்க வேனில் திருக்கழுக்குன்றம் கிளம்பினார்கள்.

திரும்பி வந்து வேனை நிறுத்தியபோது தோட்டத்துப் பக்கம் சளார் சளார் என்று சத்தம் கேட்டது. கோதண்டராமன் எட்டிப் பார்த்தார். அண்ணன் தம்பிக்குள் பேச்சு அறுந்து வருடங்கள் ஆகியிருந்தன. அந்தத் தர்மராஜ் குளத்துக்கரையில் நின்று, தென்னை மட்டையை இரண்டு கையாலும் ஓங்கித் தண்ணீரை அடித்துக்கொண்டிருந்தான். அடிக்கும் இடத்தைச் சுற்றிலும் மீன்கள் வயிறு வெளுத்து மிதந்தன.

அதற்கு மேல் அவர் எதையும் பார்க்கவில்லை. வேனுக்குள் கை விட்டு ஜாக்கி ராடை எடுத்தார்.

முதல் அடி தோளில் விழுந்தது.

"அண்ணாத்த, நில்லு, மீனுக்கு..."

"மீனா? எம் பொண்ணு கல்யாணத்தைக் கெடுக்க வந்தியாடா, நாயே!"

இரண்டாம் அடியைத் தர்மராஜ் முழங்கையில் தாங்கினான். எலும்பு முறிந்த சத்தம் வேனருகே நின்ற கார்த்திக்கே கேட்டது. மற்றக் கையால் மட்டையின் அடிப்பகுதியை அண்ணன் முகத்தில் குத்தினான் தர்மராஜ். புருவம் கிழிந்து கண்ணில் ரத்தம் இறங்கியது. கோதண்டராமன் ராடை எறிந்துவிட்டு அவன்மேல் பாய்ந்தார். இருவரும் குளத்துக்குள் விழுந்தார்கள். கார்த்தி ஓடிவந்து கரையில் நின்றபடி சித்தப்பாவின் காதோரம் உதைத்தான். கோதண்டராமன் தம்பியின் பிடரியைப் பிடித்துத் தண்ணீருக்குள் அழுத்தினார். ஒடிந்த கை அசையாமல் கிடந்தது. மற்றது சிமெண்டைப் பிறாண்டியது.

குளத்தில் ஊற்றக் கிணற்றடியில் நல்ல தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்த பிரபா அப்போதுதான் நிறைவாளியோடு வந்தாள். தண்ணீரைக் கொட்டவில்லை. வாளியோடு அப்பாவின் முதுகில் இறக்கினாள். அவர் பிடி விட்டது. தர்மராஜ் எழுந்து இருமினான். வாயிலிருந்து ரத்தமும் தண்ணீரும் சேர்ந்து வந்தன.

"நான்தாம்பா கூப்ட்டேன்! கரண்ட் இல்ல. மீனெல்லாம் மேல வந்து வாயைப் பொளந்துகினு நின்னுது. தண்ணியை அடிச்சா காத்து எறங்கும்னு நான்தான் சித்தப்பாவ வேலி தாண்டி வரச் சொன்னேன்."

"பொய் சொல்றா" என்றான் கார்த்தி.

கோதண்டராமன் கரையேறக் காலைத் தூக்கப் பார்த்தார். அவர் கால் அடியில் கூழாகிப்போன எதிலோ கணுக்கால் வரை புதைந்திருந்தது. கலக்கியதில் புளித்த வாடை மேலே வந்தது. ஊறிப்போன பொரி, தும்பைப்பூப் போல வெளுத்து, அவர் வேட்டியைச் சுற்றி மிதந்தது. நேற்று அவர் கவிழ்த்த மூட்டை. மீனின் மூச்சை எது குடித்தது என்பது அவருக்குப் புரிந்துவிட்டது.

கரையேறி முகத்தைத் துடைத்தார். "கார்த்தி, செத்ததை எல்லாம் பொதைச்சிடு. சம்பந்தி கேட்டா, இவன் மருந்து ஊத்திட்டான்னு சொல்லு."

சமையலறையிலிருந்து ஓடிவந்த ஆராயி, "கூடப் பொறந்த தம்பிய்யா" என்றாள்.

"உன்னைக் கேட்டனா?"

"சொல்லிப் பாரு. நான் சபையில வாயைத் தொறப்பேன்" என்றாள் பிரபா.

அவள் கன்னத்தில் ஓங்கி ஒன்று விட்டார். "தொறடி, பாக்கலாம்."

ஆராயி அவரைத் திரும்பிப் பார்க்கவில்லை. கொழுந்தனை ஆட்டோவில் ஏற்றிச் செங்கல்பட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனாள். பெண்ணின் நிச்சயத்துக்குப் பெற்றவள் இல்லாமல் போனாள்.

சம்பந்திகள் வந்து உட்கார்ந்தார்கள். "சம்பந்தியம்மா எங்கே?" என்று கேட்டார் மாப்பிள்ளையின் அப்பா.

புருவத்தில் கட்டோடு, முதுகை நிமிர்த்திக்கொண்டு, கோதண்டராமன் சொல்ல நினைத்ததைச் சொன்னார். தம்பி விஷம் வைத்தான், கையும் களவுமாகப் பிடித்தேன், அடித்தேன்.

பிரபா புடவை மடிப்பைப் பிடித்துக்கொண்டு முன்னே வந்தாள். கன்னத்தில் விரல் தடம் இருந்தது. பொரி, கரண்ட், மட்டை, ஜாக்கி ராடு என்று ஒன்று விடாமல் சொன்னாள்.

பிரவின்குமார்தான் முதலில் வாயைத் திறந்தான். "அந்த ஆரஞ்சு வெள்ளை மீனும் பூடுச்சா?"

"அது உயிரோடதான் கீது" என்றாள் பிரபா. "எங்க சித்தப்பாவுக்குக் கை ஒடிஞ்சிடுச்சு."

"த்சு... அது எவ்ளோ வெலை தெரியுமா? நல்லவேளை."

மாப்பிள்ளையின் அப்பா சிரித்து, "விடுங்க சம்பந்தி, குடும்பம்னா ஆயிரம் இருக்கும், நல்ல நேரம் போகுது" என்றார். கோதண்டராமன் முகத்தில் உயிர் வந்தது. தட்டைக் கையில் எடுத்தார்.

மீன் செத்த அபசகுனத்தைப் பார்த்து மாப்பிள்ளை வீட்டார் எழுந்து போய்விட்டார்கள் என்று ஊரில் ஒரு பேச்சு உண்டு. அது தவறு. அவர்கள் தட்டு மாற்றத் தயாராகத்தான் உட்கார்ந்திருந்தார்கள். வேண்டாம் என்று சொன்னவள் பிரபா.