பால்சுறா

புதுத் துறைமுகம் திறந்த பிறகு தூத்துக்குடிக்குக் கடை போட வந்தவர்களில் ராஜதுரையும் ஒருவன். அவன் கடையில் பால்மாவு டப்பாக்கள் வரிசையாக அடுக்கியிருந்தன. கேட்டவர்களுக்கெல்லாம் எடுத்துக் கொடுப்பான். சொந்தப் பிள்ளை பசியில் கத்தும்போது ஒரு டப்பாவை வீட்டுக்குக் கொண்டுபோக மட்டும் அந்த மகாவீரனுக்குத் துணிச்சல் இல்லை.

மனைவி முத்துக்கனிக்குப் பால் சுரக்கவில்லை. பிரசவத்துக்கு ஒத்தாசையாகச் சாத்தான்குளத்திலிருந்து வந்திருந்த அவன் அக்கா சுடலைமாடத்தி கறாராகச் சொல்லிவிட்டாள்.

"நம்ம குடும்பத்துல எந்தப் பிள்ளையும் டப்பாப்பால் குடிச்சதில்லலே. பால்சுறா வாங்கிட்டு வா. புட்டு அவிச்சுக் குடுத்தா தன்னால ஊறும்."

அதுவரைக்கும் பிள்ளைக்குச் சீனித்தண்ணீர்தான்.

ராஜதுரைக்கு இருப்புக்கொள்ளவில்லை. டவுன் சந்தையில் பால்சுறா இல்லை. சைக்கிளைத் தருவைகுளம் கடற்கரைக்கு மிதித்தான். பிள்ளை காலையிலிருந்து கத்தவும் தெம்பில்லாமல் முனகத் தொடங்கியிருந்தது. அதுதான் அவனை விரட்டியது.

கரைவலை அப்போதுதான் ஏறியிருந்தது. மீன் விற்ற பெண் வயிறு பெருத்த சுறா ஒன்றைத் தனியே தள்ளிவைத்தாள்.

"இது வேண்டாம் அண்ணாச்சி, வயித்துல இருக்கு."

பனங்காட்டில் வளர்ந்து கடல்மீன் அறியாத ராஜதுரைக்கு முகம் மலர்ந்துவிட்டது. பால்சுறாவின் வயிற்றில் பாலைத் தவிர வேறென்ன இருக்கும்? வேறு யாருக்கோ ஒதுக்குகிறாள் என்று நினைத்து, அதுதான் வேண்டும் என்று அடம்பிடித்து வாங்கினான். தானே கடைக்காரனாக இருந்தும் பேரம்கூடப் பேசவில்லை.

அவள் ஓலைப்பெட்டியில் கட்டிக்கொண்டிருக்கையில், முழங்கால் தண்ணீரில் ஏதோ சிறுசுகள் குறுக்கும் நெடுக்கும் ஓடுவதைக் கண்டான்.

"சுறாக்குட்டி. ஆழமில்லாத தண்ணியிலதான் வந்து ஈனும். ஈனிட்டுத் தாய் அதுபாட்டுக்குப் போயிரும்" என்றாள்.

"பொறவு குட்டிக்குப் பாலு?"

"மீனுக்கு ஏது அண்ணாச்சி பாலு? குட்டி பல்லோடல்லா பொறக்கு. தானா இரை தேடும்."

சும்மா விளையாட்டுக்குச் சொல்கிறாள் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். நெஞ்சு கேட்கவில்லை. வழி நெடுகச் சைக்கிளை வெறிபிடித்த மாதிரி மிதித்தான்.

வீட்டில் அக்கா சுறாவின் வயிற்றைக் கீறினாள். சாண் நீளக் குட்டிகள், தொப்புள்கொடி அறாமல், ஒன்றன்பின் ஒன்றாகச் சரிந்து விழுந்தன. அக்கா அரிவாள்மணையை விட்டுத் துள்ளி எழுந்தாள்.

"பிள்ளை பெத்த வீட்டுக்குச் சூல் மீனையாலே வாங்கிட்டு வந்த, கிறுக்கா."

முத்துக்கனி பிள்ளையோடு வாசற்படியில் வந்து நின்றாள். குட்டிகளையே பார்த்தாள்.

"இதுக தாய்கிட்டப் பாலு குடிக்குமா?"

பொய் சொல்ல ராஜதுரைக்கு வாய் வரவில்லை. "மீனுக்குப் பாலே கிடையாதாம்ளா."

"அப்பம் இதைத் தின்னா எனக்கு எப்படி மதினி ஊறும்?"

ராஜதுரை செருப்புக்கூடப் போடாமல் கடைக்கு ஓடினான். டப்பாவோடு திரும்பி வந்து, "வெந்நி வையி அக்கா" என்றான். பிறந்ததிலிருந்து அவன் அவளை வேலை ஏவியதில்லை. அவள் மறுபேச்சில்லாமல் அடுப்பைப் பற்றவைத்தாள்.

பாலாடைச் சங்கிலிருந்து பிள்ளை மடக் மடக்கென்று குடித்தது. கழுத்தில் வழிந்த பாலை முத்துக்கனி முந்தானையால் துடைத்தாள்.

"இத்தனை நாளும் கடையில இருந்துச்சுல்லா" என்றாள் அவள், அவனைப் பார்க்காமலே.